மரவேலை தெரிந்தவளுக்கு ஆறு மாத செட் பயிற்சி கொடுத்தது என்ன?

ஆறு வருஷம் ஃபர்னிச்சர் பட்டறையில் வேலை பார்த்தவள் நான். கட்டில், அலமாரி, மேசை எல்லாம் கை பழகிய வேலை. நாடகத்துக்கும் படத்துக்கும் செட், ப்ராப்பர்ட்டி (நடிகர்கள் கையில் எடுத்துப் பயன்படுத்தும் பொருட்கள்) செய்யக் கற்றுத்தரும் ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தபோது, மரவேலைப் பாடம் எனக்குத் தேவைப்படாது, பெயிண்டிங்கும் மோல்டிங்கும் கற்றுக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வாரத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது.

முதல் வேலை எட்டடி உயரம், நாலடி அகலத்தில் ஒரு பிளாட். அதாவது மேடையில் சுவராக நிற்கும் சட்டம். நான் பட்டறை வழக்கப்படி கனமான சட்டம் எடுத்து, மரத்துக்குள் மரம் பொருந்தும்படி மூலைகளை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நிறுத்தினேன். மாஸ்டர் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கும்மா. இப்ப இதைத் தனியாத் தூக்கிட்டுப் போய் மேடையில வச்சிட்டு வாங்க" என்றார். கதவு வரைக்கும்தான் கொண்டுபோக முடிந்தது. பக்கத்தில் பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் தன்னுடையதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். அவன் போட்டிருந்தது ஒரு அங்குலத் தடிமன், மூன்று அங்குல அகல ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம். மூலைக்கு மூலை 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் முக்கோணத் துண்டு, பசையும் ஸ்க்ரூவும். அவ்வளவுதான்.

அந்த முக்கோணத் துண்டுக்கே அரைநாள் பாடம் நடந்தது. அதன் மர ரேகை இணைப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். இணைப்போடு சேர்ந்து ஓடினால் அதே கோட்டில் பிளந்துவிடும். ஓரத்திலிருந்து ஒரு ரீப்பர் தடிமன் அளவு உள்ளே தள்ளி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் பிளாட்டை மூலையில் சேர்க்கும்போது இடித்துக்கொண்டு இடைவெளி விழும். சட்டத்தின்மேல் போர்த்தும் காடாத் துணியை இழுத்து விறைப்பாக ஒட்டவும் கூடாது. தண்ணீரில் கரைத்த பசையைப் பூசினால் துணி தானே சுருங்கி இறுகும். முன்பே விறைப்பாக ஒட்டியிருந்தால் சட்டம் வளைந்துவிடும். எனக்கு ஒன்று வளைந்தது. அதைப் பிரித்து மறுபடி ஒட்ட வைத்தார்கள், புதுத் துணி தரவில்லை. அது நல்ல முடிவு என்றே சொல்வேன்.

இந்தப் பயிற்சியின் உயிர் என்று நான் நினைப்பது கதவுப் பாடம். கதவோடு ஒரு சுவர் செய்து மேடையில் நிறுத்தினோம். ஒருவரைக் கோபமாக வெளியேறச் சொல்லிவிட்டு, எங்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார் மாஸ்டர். கதவு அறைந்தது. கல் வீடாக வர்ணம் பூசிய சுவர், காற்றில் ஆடும் துணியாகக் குலுங்கியது. அந்த ஒரு நொடியில் வீடு காணாமல் போய்விட்டது. அதன்பிறகு ஒரு வாரம் அந்தக் கதவுதான். கதவு நிலையைச் சுவரிலிருந்து பிரித்து, அதற்கென்று தனியாகப் பின்னால் முட்டு கொடுத்து, முட்டின் அடியில் இரும்பு எடை வைத்தோம். சுவர் நிலையைத் தொட்டும் தொடாமலும் நிற்க, மேலே சட்டம் அடித்து இடைவெளியை மறைத்தோம். மறுபடி அறைந்து பார்த்தோம். சுவர் அசையவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கியது. வீட்டு உபயோகக் கதவுகள் எத்தனையோ செய்திருக்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

மேடைத்தளம் செய்வதிலும் அதே கண்டிப்பு. சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்கும்படி கட்டச் சொன்னார்கள். எட்டடிக்கு நாலடி பலகை ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 1,500 கிலோ. கால்களைப் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்டினால் எடை முழுக்கப் போல்ட்டில் தொங்கும். அதனால் சட்டம் நேராகக் காலின் தலைமேல் உட்கார வேண்டும். போல்ட்டின் வேலை விலகாமல் பிடிப்பது மட்டும். நடிகர் குதிப்பார், பத்துப் பேர் ஒன்றாக ஆடுவார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டினார்கள். மூன்று வாரம் நிற்கப்போகிற பொருள்தானே என்று யாரும் அங்கே சொல்லிக் கேட்டதில்லை.

பெயிண்டிங் நன்றாக இருந்தது. அடிநிறம், அதன்மேல் இரண்டு மூன்று சாயல், உலர்ந்த பிரஷ், தெளிப்பு என்று படிப்படியாகப் போனார்கள். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத் தூரத்தில் போய் நின்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சிவப்பில் பாடுபட்டுச் செய்த செங்கல் சுவரைப் பச்சை விளக்கில் காட்டினார்கள். கறுத்துப்போய்க் கிடந்தது. லைட்டிங் ஆளிடம் கேட்காமல் நிறம் கலக்கக் கூடாது என்பது அன்றைக்குப் புரிந்தது.

ப்ராப்பர்ட்டியில் ஒரு கடிதம் பற்றிச் சொல்ல வேண்டும். கதையில் ஒருத்தி பழைய கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கிறாள். நான் ஒன்றே ஒன்று செய்து கொண்டுபோனேன். தேயிலைச் சாற்றில் நனைத்து, காயவைத்து, மடிப்புகளில் அழுக்குத் தேய்த்து, ஓரத்தைச் சிதைத்து, பார்க்க நாற்பது வருஷக் கடிதம் போலவே இருந்தது. "எத்தனை டேக் போகும்?" என்று கேட்டார்கள். டேக்குக்கு ஒரு கடிதம் கிழியும். அதே கையெழுத்து, அதே மடிப்பு, அதே கறை, அதே இடத்தில். அன்று இரவு பன்னிரண்டு கடிதம் எழுதினேன். நாடகமேடைக்குத் தூரம் கைகொடுக்கும், கேமராவுக்கு எழுத்தின் வளைவுகூடத் தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆனால் படத்துக்கான பகுதி இப்படி இரண்டு மூன்று நல்ல பாடங்களோடு முடிந்துவிட்டது. ஆறு மாதத்தில் மூன்றே வாரம். கேமரா நுழைய வசதியாகக் கழற்றி மாட்டும் சுவருக்கு ஒரே ஒரு நாள். உடைத்தாலும் காயம் செய்யாத கண்ணாடியைச் செய்முறையாகக் காட்டாமல் வாயால் விளக்கினார்கள். பயிற்சியின் தலைப்பில் ஸ்கிரீன், அதாவது திரைப்படம், என்றும் போட்டிருப்பவர்கள் அதற்கு இரண்டு மாதமாவது ஒதுக்க வேண்டும்.

பெரிய குறை வேறு. தெர்மோகோலைச் சூடான கம்பியால் வெட்டும்போது வரும் புகை உடம்புக்குக் கெடுதல். எங்களுக்குக் கொடுத்த அறையில் ஒரு சீலிங் ஃபேன் மட்டும் ஓடியது. முகத்துக்குத் தூசி மாஸ்க். தூசி மாஸ்க் ஆவியை நிறுத்தாது, அதற்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். எங்களில் நாலு பேருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தது. எழுதிக் கொடுத்த பிறகு வெளியேற்றும் விசிறி பொருத்தினார்கள், அதற்கு இரண்டு வாரம் ஆனது. அதுவரை வேலையும் நிற்கவில்லை. இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தீப்பாதுகாப்பும் நாலாவது மாதத்தில்தான் வந்தது. 1903-இல் சிகாகோவின் இரோகுவாய் தியேட்டரில் விளக்கின் பொறி திரைத்துணியில் பற்றி 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கதையை மாஸ்டர் சொன்ன அன்று, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் நனைத்துக் காயவைத்த துணியிலும் சாதாரணத் துணியிலும் தீக்குச்சி வைத்துக் காட்டினார். ஒன்று கருகி நின்றது. மற்றது கண் இமைக்கும் நேரத்தில் மேல்வரை எரிந்தது. முதல் பிளாட்டில் துணி ஒட்டிய அன்றே இதைக் காட்டியிருக்க வேண்டும். மூன்று மாதமாக நாங்கள் செய்து அடுக்கிய அத்தனை துணியும் வெறும் துணிதான்.

கையால் வேலை செய்யப் பிடித்தவர்கள், குறிப்பாக ஏற்கெனவே தச்சோ பெயிண்டிங்கோ தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். மரம், துணி, பெயிண்ட் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம், பொருளில் கஞ்சத்தனம் இல்லை. டிசைன் வரைவதுதான் விருப்பம் என்றால் இங்கே அதற்கு அதிகம் கிடைக்காது. செட்டின் சின்ன மாடல் செய்யும் பாடம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். சேருவதற்கு முன் ஒருநாள் வேலை நடக்கும் நேரத்தில் போய், தெர்மோகோல் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விசிறி ஓடுகிறதா, எந்த மாஸ்க் மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் அதைக் கேட்காமல்தான் கையெழுத்துப் போட்டேன்.