எஞ்சின் அறைக்குள் இறங்காமலே விலை சொன்ன மெக்கானிக்

படகின் பழைய டீசல் எஞ்சினை மாற்றும் எண்ணத்தில் இருப்பவர்கள், யாருக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். ஐந்து மாதங்களுக்கு முன்பு நான் கொடுத்துவிட்டேன். அன்று ஒப்படைத்த வேலையை வேறொருவரை வைத்து முதலிலிருந்து மறுபடியும் செய்து முடித்து இரண்டு வாரங்கள்தான் ஆகின்றன. மொத்தம் மூன்று பேரிடம் விலை கேட்டிருந்தேன். மற்ற இருவரும் சொன்னதில் பாதிக்குச் சற்று மேலேதான் நான் முன்பணம் கொடுத்த மெக்கானிக் கேட்டார். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, மூவரில் அதிகம் கேட்டவரின் தொகையையும் தாண்டிச் செலவழித்திருந்தேன். புகார் கொடுத்திருக்கிறேன். அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆளின் பெயரைவிட, அவர் வேலை செய்த விதம் உங்களுக்குத் தெரிய வேண்டும். இப்படிப்பட்டவர் எந்தத் துறையிலும் ஒருவராவது இருப்பார்.

விலை கேட்கப் போனபோது மற்ற இருவரும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் அறைக்குள் குப்புறப் படுத்து எஞ்சின் உட்காரும் அடிக்கட்டையின் அகலத்தை அளந்தார்கள். எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்களின் உயரத்தையும், புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டின் சாய்வையும் குறித்துக்கொண்டார்கள். புரொப்பல்லரின் நடுக்குமிழில் பொறித்திருந்த விட்டத்தையும் பிட்ச்சையும் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) எழுதிக்கொண்டார்கள். விலையை ஏற்றிச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு பாவனை என்று அப்போது எனக்குத் தோன்றியது. மூன்றாமவரோ படித்துறையில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். “மூன்று சிலிண்டர்தானே ஐயா? ரீகண்டிஷன் செய்தது ஒன்று நம்மிடம் தயாராக இருக்கிறது. பத்தே நாளில் நீங்கள் கடலில் இருப்பீர்கள்” என்றார். தொழில் தெரிந்தவர், அதனால்தான் பார்த்தவுடனே சொல்லிவிடுகிறார் என்று நம்பினேன்.

தொகையில் முக்கால் பங்கை முன்பணமாக வாங்கிக்கொண்டார். அவர் கொடுத்த ரசீதில் இருந்தவை இரண்டே சொற்கள்: ‘எஞ்சின் வேலை’. எந்த எஞ்சின், எஞ்சின் எண் என்ன, என்னென்ன பாகங்கள் புதியவை, யார் எதைச் சரிபார்ப்பது, பழைய எஞ்சின் யாருக்குச் சொந்தம், எதுவும் அதில் இல்லை. கடைசிக் கேள்விதான் இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது. பழைய எஞ்சினைக் கிரேனில் தூக்கி வண்டியில் ஏற்றி, கியர்பாக்ஸ், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் அனைத்தோடும் கொண்டுபோய்விட்டார். கேட்டபோது, பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார். அந்த எஞ்சினின் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவை, அவர் அளந்து பார்க்கவே இல்லை. இன்ஜெக்டர்களையும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் கழற்றிச் சுத்தம் செய்திருந்தாலே அது பிழைத்திருக்குமோ என்னவோ, இனி அதை யாராலும் சொல்ல முடியாது.

பத்து நாள் ஆறு வாரமாயிற்று. படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று எஞ்சின் முதல் சாவியிலேயே எழுந்தது. வண்ணம் புத்தம் புதிதாக மின்னியது. மீதித் தொகையையும் கொடுத்துவிட்டேன். துறையைத் தாண்டி வேகம் கூட்டியதும் தரைப்பலகை அதிர்ந்தது. கால் வழியாக முழங்கால்வரை ஏறும் அதிர்வு. முழு வேகம் கொடுத்தால் பின்னால் கரும்புகை. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட வேண்டிய எஞ்சின் 2300ஐத் தாண்டவில்லை. “புது மவுன்ட் ரப்பர், ஓட ஓடப் பழகிவிடும்” என்றார். இருபது மணி நேரம் ஓடுவதற்குள் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் கடல்நீரைத் தடுக்கும் அடைப்பான ஸ்டஃபிங் பாக்ஸிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. நான்காவது முறை கூப்பிட்ட பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை.

இப்போது வேலையைச் சரிசெய்து கொடுத்தவர், முதலில் நான் விலை கேட்ட மற்ற இருவரில் ஒருவர். அவரை மறுபடி அழைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ ஒரு சொல்கூடக் குத்திப் பேசவில்லை. உள்ளே இறங்கியவர் முதலில் கியர்பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்களைத் தளர்த்தினார். இரண்டு முகங்களுக்கும் நடுவே இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிக் காட்டினார். மேலே 0.05 மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. கீழே ஒன்றன்மேல் ஒன்றாகத் தகடுகளைச் சேர்த்துக்கொண்டே போனார், 0.9 வந்த பிறகுதான் இறுகியது. நான்கு அங்குல விட்டமுள்ள கப்ளிங்கில் இந்த வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். படகு கரையில் முட்டுக்கொடுத்து நின்றபோதே போல்ட்களை முறுக்கிவிட்டு, தண்ணீரில் இறக்கிய பிறகு அந்த மெக்கானிக் திரும்பிப் பார்க்கவே இல்லை. கரையில் நிற்கும்போது இருக்கும் உடல்வாகு மிதக்கும்போது படகுக்கு இருக்காது. மிதக்கவிட்டு ஓரிரு நாள் கழித்துத்தான் கடைசி அளவு எடுக்க வேண்டுமாம். அந்தக் கோணலை ஷாஃப்ட் இத்தனை நாள் இழுத்துத் திருத்தப் பார்த்ததில், பின்புற ரப்பர் பேரிங் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது.

புகைக்குக் காரணம் வேறு. என் பழைய எஞ்சின் 2400 சுற்றுக்கானது. கியர்பாக்ஸ் விகிதம் 2:1. ஆகவே புரொப்பல்லர் 1200 சுற்று சுழன்றது. புதிதாக வைத்ததிலும் விகிதம் 2:1தான். 3000 சுற்று வேண்டுமென்றால் அதே புரொப்பல்லர் 1500 சுழல வேண்டும். புரொப்பல்லரைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி, சுற்று எத்தனை மடங்கு கூடுகிறதோ, அந்த எண்ணை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு ஏறுகிறது. கால் பங்கு வேகம் கூடினால் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். அவ்வளவு வலு அந்த எஞ்சினில் ஏது? மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கியது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் இவர்கள் எழுதிக்கொண்ட எண்கள் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. பிட்ச் குறைந்த புரொப்பல்லர் ஒன்றை வாங்க வேண்டியதாயிற்று.

‘ரீகண்டிஷன்’ என்ற சொல்லின் உண்மையை அவர் நகத்தாலேயே சுரண்டிக் காட்டினார். எண் தகட்டின் மேலும் ஹோஸ் கிளிப்களின் மேலும் கேஸ்கெட்டின் ஓரத்திலும் ஒரே வண்ணம் படர்ந்திருந்தது. உரித்தால் அடியில் துரு. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பூட்டியிருந்தால் கேஸ்கெட் புதிதாக இருந்திருக்கும், போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தடம் இருந்திருக்கும். இரண்டும் இல்லை. கம்ப்ரஷனை அளந்தால் முதல் இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் சுமார் 400 பிஎஸ்ஐ வந்தது, மூன்றாவதில் 290. சிலிண்டர்களுக்குள் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு என்று பொருள். ஆக, யாரோ ஓட்டிக் கழித்த எஞ்சினுக்கு வண்ணம் அடித்து அந்த மெக்கானிக் எனக்கு விற்றிருக்கிறார்.

இவை எல்லாம் பண நட்டம். உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஒன்றும் இருந்தது. அதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. புதிய எஞ்சின் பழையதைவிடத் தாழ்வாக உட்கார்ந்ததால், எஞ்சினைக் குளிர்வித்த கடல்நீர் புகைக்குழாயில் கலக்கும் வளைவு நீர்மட்டத்துக்குக் கீழே போயிருந்தது. நீர்மட்டத்துக்கு மேலே 15 சென்டிமீட்டராவது இல்லையென்றால், காற்றை உள்ளே விடும் வால்வு பொருத்திய உயர்ந்த வளைவுக் குழாய் ஒன்று அவசியம். அதை வைக்கவே இல்லை. எஞ்சினை நிறுத்திய பிறகும் கடல்நீர் தானாக இழுபட்டு சிலிண்டருக்குள் இறங்கலாம். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அடுத்த முறை சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராட் வளையும். கரையிலிருந்து வெகுதூரத்தில், காற்று எழும் நேரத்தில் இது நடந்திருந்தால்? என்னோடு என் பிள்ளைகளும் வருவார்கள்.

கூலி குறைவாக வேண்டும் என்று தேடியதில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எல்லோராலும் அள்ளிக் கொடுக்க முடியாது. வேலையைச் சரிசெய்து கொடுத்தவரிடம் நான் அதை வெளிப்படையாகவே கேட்டேன். பேட்டரி வயர்களைக் கழற்றி அடையாளச் சீட்டு ஒட்டுவது, எண்ணெய் வடிப்பது, அடித்தளத்தில் தேங்கிய கசடைக் கழுவுவது, அடிக்கட்டைக்கு வண்ணம் பூசுவது ஆகியவற்றை என்னையே செய்யச் சொன்னார். அளவும் இணைப்பும் தேவைப்படும் இடங்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் கூலி வாங்கினார். உண்மையான சிக்கனம் அங்கேதான் கிடைத்தது.

நீங்கள் பேசப் போகும்போது எஞ்சின் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, அதை ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குங்கள். கம்ப்ரஷனை உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். பழைய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் போடுங்கள். தொகையில் ஒரு பங்கு, படகு மிதந்தபடி முழு வேகத்தில் குறித்த சுற்றை எட்டிய பிறகுதான் என்று நிறுத்தி வையுங்கள். இதற்கு முகம் சுளிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ‘கப்ளிங்கை எப்போது அளப்பீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். தண்ணீரில் இறக்கிய பிறகு என்ற பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

படகை மறுபடி இறக்கி இரண்டு நாள் மிதக்கவிட்ட பிறகு அவர் வந்து அளந்தார். மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு எண்களை எஞ்சின் அறைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: 0.05, 0.10, 0.08, 0.08. அதற்குக் கீழே, 50 மணி நேரம் ஓடியதும் மீண்டும் பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. இப்போது மீட்டரில் 11 மணி நேரம் ஆகியிருக்கிறது.