அரசு தந்த அட்டைகளும் எல்லைக் கதவுகளும்: பதினாறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தொழிற்சாலை இயந்திரங்களை நிறுவிப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால், கடந்த பதினாறு ஆண்டுகளாக ஆண்டுக்கு ஏழெட்டு முறையாவது வெளிநாடு போய்வருகிறேன். இந்தக் காலத்தில் மூன்று கடவுச்சீட்டுகள், ஒரு தேசிய அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, வேலை நிமித்தம் தங்கியிருந்த நாடு கொடுத்த குடியிருப்பு அட்டை, ஒரே ஒரு முறை அவசரப் பயண ஆவணம் என அரசு முத்திரை பதித்த பலவகை ஆவணங்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள், அரசு கொடுத்தது, படம் இருக்கிறது, எண் இருக்கிறது, ஆகவே எங்கும் செல்லும் என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்கு ஒரு விமானத்தையும் இரண்டு நாள் சம்பளத்தையும் செலவு வைத்தது.

சோதிப்பவர் ஆவணத்தைக் கையில் வாங்கும்போது அவர் மனத்தில் மூன்று கேள்விகள் இருக்கலாம். இவர் யார்? எந்த நாட்டவர்? உள்ளே விட மறுத்தாலோ பின்னர் வெளியேற்ற நேர்ந்தாலோ இவரைத் திருப்பி ஏற்கும் நாடு எது? உள்நாட்டு விமானத்தில் ஏறுபவரிடம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தேவைப்படுகிறது. அதனால்தான் அங்கே ஓட்டுநர் உரிமம்கூடப் போதுமானதாகிறது. எல்லையைக் கடக்கும்போது மற்ற இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. அவற்றுக்கு உலகம் முழுதும் ஒரே குரலில் விடை சொல்லக்கூடிய ஆவணம் கடவுச்சீட்டு ஒன்றுதான். மற்றவை எல்லாம் குறிப்பிட்ட சில நாடுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

ஒரே நாட்டின் அட்டைகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பதைச் சில எடுத்துக்காட்டுகள் காட்டும். இந்தியாவின் ஆதார் அங்கே வசிப்பவருக்குத் தரப்படுவது. அது குடியுரிமைச் சான்று ஆகாது. எனவே நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் செல்லும் இந்தியக் குடிமக்களிடம் கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ ஏற்கப்படுகிறது; அன்றாட வாழ்வில் எல்லா இடத்திலும் கேட்கப்படும் ஆதார் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரம் உயர்த்தப்பட்ட ‘ரியல் ஐடி’ ஓட்டுநர் உரிமம், 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானப் பயணத்துக்கான அடையாளமாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதைக் காட்டி நாட்டின் எல்லையைக் கடக்க முடியாது. அதே நாடு 2008 முதல் வழங்கும் ‘பாஸ்போர்ட் கார்டு’ பெயரளவில் கடவுச்சீட்டுதான் என்றாலும், கனடா, மெக்சிகோ, பெர்முடா, கரீபியன் நாடுகளிலிருந்து தரைவழியாகவோ கடல்வழியாகவோ திரும்புவதற்கு மட்டுமே உதவும். அதை நம்பி வெளிநாட்டு விமானத்தில் ஏற முடியாது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் தேசிய அடையாள அட்டையுடன் ஒன்றியம் முழுதும் போய்வரலாம். ஆனால் நெடுங்காலம் அதை ஏற்றுவந்த பிரிட்டன், 2021 அக்டோபர் 1 முதல் பெரும்பாலோரிடம் அதை ஏற்பதை நிறுத்திவிட்டது. அட்டை அதேதான், நபரும் அதே நபர்தான், விதி மட்டும் மாறிவிட்டது. சென்ற முறை செல்லுபடியானதே என்று கவுண்டரில் வாதிடுவது எவ்வளவு வீண் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கவுண்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விமான நிறுவன ஊழியர் கெடுபிடி காட்டுவதாக முன்பெல்லாம் எரிச்சல்படுவேன். உரிய ஆவணமின்றி ஒருவரை ஏற்றிச் சென்றால், அபராதமும் திருப்பி அழைத்துவரும் செலவும் நிறுவனத்தின் தலையில் விழும் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் திரையில் பார்ப்பது பெரும்பாலும் ‘டிமாட்டிக்’ என்ற தரவுத்தொகுப்பு. நாடு நாடாக, ஆவணம் ஆவணமாக விதிகள் அதில் இருக்கும். அது கூடாது என்று காட்டினால், எதிரே நிற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஊழியர் போர்டிங் பாஸ் தரமாட்டார்.

இனி, நான் நெடுநாள் புழங்கிய கடவுச்சீட்டு. 1920ஆம் ஆண்டு பாரிஸில், ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் கூட்டிய மாநாட்டில்தான் ஒரே மாதிரியான, 32 பக்கங்கள் கொண்ட சிறு புத்தக வடிவம் பரிந்துரைக்கப்பட்டது. இன்றைய புத்தகம் 125 மி.மீ. உயரமும் 88 மி.மீ. அகலமும் உடையது. படமுள்ள பக்கத்தின் அடியில் தட்டச்சு எழுத்துப் போன்ற இரண்டு வரிகள், வரிக்கு 44 குறிகள் என அமைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அட்டை வடிவ ஆவணங்களில் இதுவே 30 குறிகள் கொண்ட மூன்று வரிகளாகப் பின்பக்கத்தில் இருக்கும். இவற்றின் அமைப்பை வகுத்தது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. 1980இல் முதற்பதிப்பு கண்ட அதன் 9303 எண் ஆவணமே இதற்கு அடிப்படை. இந்த வரிகள் இல்லாத பழைய கடவுச்சீட்டுகள் 2015 நவம்பர் 24க்குள் புழக்கத்திலிருந்து விலக வேண்டும் என்றும் அந்த அமைப்பு கெடு விதித்திருந்தது.

இவ்வரிகளின் அருமை எனக்கு ஒரு பேனாவால் புரிந்தது. இரண்டாவது கடவுச்சீட்டை வாங்கி மூன்றாம் ஆண்டு, சட்டைப் பையில் கசிந்த மை அடிவரியின் ஓர் எண்ணின் மேல் பட்டுவிட்டது. துடைத்தேன், கண்ணுக்கு எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் தானியங்கி வாயிலில் வைத்தபோது மூன்று முறையும் சிவப்பு விளக்கே எரிந்தது. காரணம் எளிய கணக்கு. பிறந்த தேதி, காலாவதித் தேதி, ஆவண எண் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. எடுத்துக்காட்டாக, 1979 மார்ச் 15 என்ற பிறந்த தேதி 790315 என்று அச்சாகும். அதன் இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, மறுபடியும் 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 105 வரும்; பத்தால் வகுத்தால் மீதி 5. அந்த 5தான் தேதிக்குப் பின்னால் நிற்கும். நடுவிலுள்ள 3 மைக்கறையால் 8 போலத் தெரிந்தால் கூட்டுத்தொகை 140 ஆகி, மீதி சுழியாகிவிடும். இயந்திரம் உடனே மறுத்துவிடும். எண்களுக்குள் ஏதேனும் ஒன்று மட்டும் மாறியிருந்தால் இந்தக் கணக்கிலிருந்து அது தப்பவே முடியாது.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. கடவுச்சீட்டுக்குள் விவரங்களைச் சேமித்த மின்னணுச் சிப் இருக்கிறதே, அடிவரி கெட்டால் என்ன என்று நினைத்திருந்தேன். சிப்பைத் திறக்கும் சாவியே அந்த அடிவரியில்தான் இருக்கிறது. ஆவண எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் கருவி முதலில் ஒளியால் படித்து, அவற்றிலிருந்து சாவியை உருவாக்கிய பிறகே சிப்புடன் பேசத் தொடங்கும். மூடிய கடவுச்சீட்டைப் பக்கத்தில் நிற்பவர் ரகசியமாகப் படித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. என்னைத் தனியே அழைத்த அதிகாரி, அந்த மூன்று விவரங்களையும் விசைப்பலகையில் தட்டினார். மறுகணமே சிப்பிலிருந்த என் படம் அவர் திரையில் வந்தது. கடவுச்சீட்டின் மேலட்டையில் செவ்வகமும் நடுவே வட்டமும் கொண்ட சின்னம் இருந்தால் உள்ளே சிப் உண்டு என்று பொருள். 1998இல் மலேசியா முதன்முதலில் தொடங்கிவைத்த வழி இது. இப்போது என்னிடமுள்ள மூன்றாவது புத்தகத்தில் விவரப் பக்கம் காகிதம் இல்லை. லேசரால் பொறித்த பாலிகார்பனேட் தகடு. மை ஒட்டுவதில்லை, ஓரம் பிரிவதில்லை. காற்சட்டையின் பின்பையில் வைத்து அதன் மேல் உட்காரும் பழக்கத்தை மட்டும் விட வேண்டியிருந்தது.

காலாவதித் தேதியைப் பொறுத்தவரை, அச்சிட்ட நாளை நம்பக் கூடாது. பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி மீதமிருக்க வேண்டும் என்கின்றன. தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் வெளியாரிடம் வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம் கேட்பதோடு, புத்தகம் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. பத்தாண்டுக் கடவுச்சீட்டு உண்மையில் ஒன்பதரை ஆண்டுதான் உழைக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டு, அதற்கேற்பப் புதுப்பிப்பது என் வழக்கமாகிவிட்டது.

மிகுதியான தலைவலியைத் தந்தது பெயர்தான். என் தேசிய அடையாள அட்டையில் தந்தை பெயர் முதலெழுத்தாக மட்டும் இருக்கிறது. கடவுச்சீட்டில் விரிவாக இருக்கிறது. உரிமத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. மூன்றும் நானே என்பது எனக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. தொடக்கத்தில் நான் சொன்ன விமானம் போனது இதனால்தான். அடையாள அட்டையைப் பார்த்துப் பயணச்சீட்டு பதிவு செய்து, கடவுச்சீட்டுடன் போய் நின்றேன். திருத்துவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். குடும்பப் பெயரே இல்லாதவர்களின் நிலை இன்னும் கடினம். ஒற்றைப் பெயரை முதன்மைப் பெயர்க் கட்டத்தில் இட்டு மற்றதை வெறுமையாக விடக் கடவுச்சீட்டு விதி இடம் தந்தாலும், பல முன்பதிவுத் தளங்கள் வெறுமையை ஏற்பதில்லை. அதே பெயரை இருமுறை எழுதச் சொல்லும் தளங்களும் உண்டு, இடைநிரப்பு எழுத்துகளைக் கேட்பவையும் உண்டு. இதில் நான் கண்ட ஒரே பாதுகாப்பு, விசா, பயணச்சீட்டு, காப்பீடு அனைத்தையும் அந்த இரண்டு வரிகளில் உள்ள எழுத்துகளைப் பார்த்தே நிரப்புவதுதான். மேலே அழகாக அச்சிட்டிருக்கும் பெயரைக் காட்டிலும் இயந்திரம் படிக்கும் பெயருக்கே எல்லையில் மதிப்பு அதிகம்.

முதல் கடவுச்சீட்டைத் தொலைத்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. ஊர் திரும்புவதற்கு மூன்று நாள் முன்பு அதைக் காணவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, தூதரகத்தில் முறையிட்டு, அவசரப் பயண ஆவணம் பெற்றேன். மறுநாள் காலை மடிக்கணினிப் பையின் கிழிந்த உட்துணிக்குள்ளிருந்து கடவுச்சீட்டு கிடைத்தது. மகிழ்ந்துபோய் அதையே எடுத்துக்கொண்டு புறப்பட இருந்தேன். நல்லவேளையாகத் தூதரகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். தொலைந்ததாக அறிவித்த எண் ரத்தாகிவிடும் என்றும், அது இன்டர்போல் 2002 முதல் பராமரித்துவரும் களவுபோன, தொலைந்த ஆவணங்களின் தரவுத்தொகுப்புக்குப் போய்விட்டால் எந்த எல்லையிலும் சிக்கல்தான் என்றும் விளக்கினார்கள். கையில் உண்மையான கடவுச்சீட்டு இருந்தும், ஒரு தாளை நம்பியே திரும்பினேன். அந்தத் தாளும் தாய்நாட்டுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே ஆனது. வழியில் விமானம் மாற வேண்டிய நாடு அதை ஏற்காததால் நேரடி விமானத்துக்கு மாற்றிப் பதிவு செய்ய நேர்ந்தது. இப்போதெல்லாம் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, தையல்வரை தடவிப் பார்த்த பிறகே எதையும் தொலைந்ததாக ஒப்புக்கொள்கிறேன்.

குடியிருப்பு அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வங்கி அட்டை அளவில், 85.6 மி.மீ. நீளத்தில், சிப்புடன் பளபளவென்று இருக்கும். அந்த நாட்டில் வசிக்கும் உரிமையை மட்டுமே காட்டும். என் நாட்டுரிமையைச் சொல்லும் கடவுச்சீட்டு உடனில்லாமல் அதை மட்டும் வைத்துக்கொண்டு நான் எங்கும் பறந்ததில்லை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் சிலர் அடையாள ஆவணமாகக் கருதுகிறார்கள். அது 1949ஆம் ஆண்டு ஜெனீவா, 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைகளின்படி வழங்கப்படும், உரிமத்தின் மொழிபெயர்ப்பு. மூல உரிமம் இன்றி அதற்கு மதிப்பில்லை.

கைப்பேசியில் வரும் மின்னணு அட்டைகளை நான்காண்டுகளாக உள்நாட்டுப் பயணங்களில் பயன்படுத்துகிறேன். வசதிதான், மறுக்கவில்லை. ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பேசியில் வைப்பதற்கான ஐஎஸ்ஓ தரம் 2021இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தரத்தின்படியான கருவி சோதிப்பவர் கையில் இருக்க வேண்டும், என் கைப்பேசியில் மின்னூட்டமும் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நான்கு விழுக்காடு மின்கலத்துடன் வரிசையில் நின்ற ஒரு நாளுக்குப் பிறகு, பிளாஸ்டிக் அட்டை மறுபடியும் பணப்பைக்கு வந்துவிட்டது. ஆவணத்தைப் படமெடுத்துச் சேமித்து வைப்பதும் நல்லதே, தொலைந்தால் எண்ணைச் சொல்ல உதவும்; வாயிலில் அதை யாரும் ஆவணமாக ஏற்பதில்லை.

இன்று என் பையில் இரண்டு புத்தகங்கள் ரப்பர் பட்டையால் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று புதியது. மற்றது மூலை வெட்டி ரத்து செய்யப்பட்ட பழையது. அதனுள் ஒட்டிய அமெரிக்க விசா இன்னும் உயிருடன் இருக்கிறது. புத்தகம் காலாவதியானாலும் விசா செல்லும், இரண்டையும் சேர்த்துக் காட்டினால் போதும் என்பது அந்நாட்டின் விதி. சென்ற மாதம் ஒரு கவுண்டரில் இளம் ஊழியர் ஒருவர் வெட்டுப்பட்ட மூலையைப் பார்த்துத் தயங்கி, “ஐயா, இது செல்லாதே” என்றார். ரப்பர் பட்டையைக் கழற்றிப் புதியதைத் திறந்து வைத்தேன். அவர் திரையில் விதியைத் தேடிப் படித்துவிட்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பட்டையைத் தாமே மாட்டித் திருப்பித் தந்தார்.