ரேடான் மீட்டர்: வள்ளியூர் வீட்டுக்கு வேணுமா?

ரேடான் என்பது தரைக்கடியிலிருந்து கசிந்து வீட்டுக்குள் சேரும் கதிரியக்க வாயு; அதை அளப்பது இந்த மீட்டர். ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுக்கிறவர்களுக்கு இது தண்டச்செலவு. ராத்திரி முழுக்க ஏசி போட்டு, கதவிடுக்கில் துணி திணித்துப் படுக்கிறவர்கள் மட்டும் மேற்கொண்டு வாசிக்கலாம்.

மருமகன் பென்சில்வேனியாவிலிருந்து கொண்டுவந்தது. அங்கே வீடு வாங்குமுன் நிலவறையில் ரேடான் அளப்பது வழக்கமாம். கூடுதலாக இருந்தால், தரைக்கடியில் குழாய் இறக்கி, ஃபேன் வைத்துக் காற்றைக் கூரைக்கு மேலே தள்ளிவிடுகிறார்கள்.

கைக்கு அடக்கமான சாதனம். மூணு சின்ன பேட்டரி போதும், வைஃபை வேண்டாம். சுவரையும் ஜன்னலையும் விட்டுத் தள்ளி, மேசைமேல் வைக்கணும். ஒரு நாள் எண்ணை நம்பக் கூடாது. காற்றுக்கும் மழைக்கும் ஏறி இறங்கும். மாசக்கணக்கில் ஓடவிட்டு வரும் சராசரிதான் கணக்கு. எரிச்சல் ஒன்றுதான்: திரையில் வருவது லிட்டருக்கு இத்தனை பிக்கோகியூரி என்ற அமெரிக்கக் கதிரியக்க அளவு. 37-ஆல் பெருக்கினால்தான் கன மீட்டருக்கு இத்தனை பெக்கரல் என்ற உலக அளவு.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததும் கேட்டது, "அண்ணாச்சி, கூடங்குளத்துல கசிஞ்சா இதுல தெரியுமா?"

"தெரியாது வே. இது உம்ம வீட்டுத் தரைக்கடியில இருந்து வர்றது."

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து வரும் வாயு இது. நிறமில்லை, மணமில்லை. வெளியே காற்றோடு கலைந்துவிடும். அடைத்த அறையில் சேரும். 3.8 நாளில் பாதி சிதைந்து பொலோனியம் என்ற கதிரியக்கத் திடப்பொருளாக மாறும். அந்தத் துகள்கள் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா கதிரை வீசுவதுதான் வினை.

எங்கள் ஹாலில் 0.4, அதாவது 15 பெக்கரல். பூட்டியே கிடந்த ஏசி அறையில் 2.1, கிட்டத்தட்ட 78. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கன மீட்டருக்கு 100. அதைத் தாண்டவில்லை என்றாலும், காலையில் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டேன். எண் மளமளவென்று இறங்கியது.

"பீடியைவிட மோசமா?" என்றார் மச்சினர். புகைக்கிறவருக்கு ரேடானால் வரும் நுரையீரல் புற்று அபாயம் மற்றவரைவிட 25 மடங்கு என்று அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சொன்னேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்.

குறை ஒன்று உண்டு. தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்திலிருந்து வரும் தோரானை, அதாவது ரேடானின் இன்னொரு வகையை, இது தனியாகப் பிரித்துக் காட்டாது. மணவாளக்குறிச்சி மாதிரி தோரியம் கலந்த மோனசைட் மணல் உள்ள கரையோரத்துக்காரர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

காசு போட்டு வாங்குகிற அளவுக்கு இல்லை. வள்ளியூர், பணகுடிப் பக்கம் யாருக்காவது வேணுமென்றால் இரவல் தருகிறேன். பேட்டரி உங்கள் செலவு.