பைத்தானோடு வரும் ஏசிங்க்ஐஓ கியூ: 3.13-க்குப் பிறகு எப்படி இருக்கிறது?

ஒரே நேரத்தில் ஓட வேண்டிய வேலைகளை வரிசையில் போட்டு, கட்டுக்குள் வைத்து நடத்த இன்று பைத்தானில் ஏகப்பட்ட நூலகங்கள் கிடைக்கின்றன. நான் அன்றாடம் எடுப்பது பைத்தானோடு சேர்ந்தே வரும் ஏசிங்க்ஐஓ (asyncio, ஒன்று காத்திருக்கும்போது இன்னொன்றை ஓட்டும் நூலகம்) தரும் கியூவை, அதாவது வேலை வரிசையைத்தான். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், காசும் கிடையாது. 2014-இல் 3.4 பதிப்போடு ஏசிங்க்ஐஓ வந்தபோதே இதுவும் வந்துவிட்டது. ஆனாலும் பெரிய குறையில்லாத பொருள் என்று மனதாரச் சொல்லத் தோன்றியது 2024 அக்டோபரில் 3.13 வெளியான பிறகுதான். அந்தப் பதிப்பில் இருப்பவர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பழைய பதிப்பிலேயே இருக்க வேண்டியவர்கள் கொஞ்சம் கைவேலை செய்ய வேண்டும்.

என் வேலை இது: பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பிடிஎஃப்களை இறக்கி, டெசராக்ட் என்ற ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும்) நிரலிடம் கொடுத்து எழுத்தாக மாற்றி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும். இறக்குவது மளமளவென்று நடக்கும். ஓசிஆர் ஆமை வேகம். தரவுத்தளத்தில் எழுதுவது கண் மூடித் திறப்பதற்குள் முடியும். மூன்றுக்கும் மூன்று வேகம் என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு கியூ வைத்திருக்கிறேன்.

இதையே கேதர் (gather, பல வேலைகளை ஒன்றாகத் தொடங்கும் ஏசிங்க்ஐஓ வசதி) வைத்து ஒரே வரியில் எழுதலாமே என்று பலர் கேட்பார்கள். பட்டியலில் ஆயிரம் முகவரி இருந்தால், கேதர் ஆயிரத்தையும் ஒரே மூச்சில் கிளப்பிவிடும். எதிர்முனையில் இருக்கும் சர்வர் கொஞ்ச நேரத்தில் 429 ('அளவுக்கு மீறிய கோரிக்கைகள்') என்று கதவைச் சாத்தும். ஒரே நேரத்தில் இத்தனைதான் ஓடலாம் என்று தடுக்கும் செமஃபோர் வைத்துக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அப்போதும் ஆயிரம் டாஸ்க்குகள் (ஓட வேண்டிய வேலைகள்) உருவாகி நினைவகத்தில் காத்துக்கொண்டுதான் நிற்கும். கியூவில் அந்தத் தொல்லை இல்லை. ஐந்து ஒர்க்கர் (கியூவிலிருந்து ஒவ்வொரு வேலையாக எடுத்துச் செய்யும் டாஸ்க்) வைத்தால் ஐந்து வேலைதான் ஓடும். வேறு கணக்கே வேண்டாம்.

இந்தப் பொருளின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், மேக்ஸ்சைஸ் (கியூவில் அதிகபட்சம் எத்தனை இருக்கலாம்) என்ற ஒற்றை எண்ணைக் காட்டுவேன். அதற்கு ஒரு வரம்பு கொடுத்துவிட்டால், கியூ நிரம்பியதும் அடுத்த புட் (உள்ளே போடும் கட்டளை) அப்படியே நின்றுவிடும். மேல்தொட்டி நிரம்பினால் மிதவை வால்வு தானே தண்ணீரை நிறுத்துவது போலத்தான். இறக்கும் ஒர்க்கரிடம் போய் யாரும் 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல வேண்டியதில்லை. ஓசிஆர் ஒரு கோப்பை எடுத்ததும் வழி தானாகத் திறக்கும்.

என் அமைப்பில் இறக்குவதற்கு 5 ஒர்க்கர், கியூவின் வரம்பு 10, ஓசிஆருக்கு 4 ஒர்க்கர். மிஞ்சிப்போனால் எத்தனை கோப்புகள் நினைவகத்தில் இருக்கும்? கியூவில் 10, ஓசிஆர் கையில் 4, புட் செய்யக் காத்திருக்கும் ஒர்க்கர்கள் கையில் 5, ஆக 19. ஒரு கோப்பு 100 எம்பி என்று வைத்தாலும் 2 ஜிபிக்குள் அடங்கும். ஓட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க முடிகிறது என்பதற்காகவே இதை நான் விரும்புகிறேன்.

அப்படியிருக்க, மேக்ஸ்சைஸின் இயல்பு மதிப்பை 0 என்று வைத்திருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 0 என்றால் வரம்பே கிடையாது என்று பொருள். எண்ணைக் கொடுக்காமல் விட்டால் ஐந்து ஒர்க்கர்களும் பிடிஎஃப்களை இறக்கி இறக்கிக் குவித்துக்கொண்டே போவார்கள், ஓசிஆர் பின்தங்கிக்கொண்டே இருக்கும், கடைசியில் நினைவகம் தீர்ந்து இயங்குதளம் மொத்த நிரலையும் கொன்றுவிடும். சோதனைக்குப் பத்துக் கோப்புகளை ஓட்டிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. இதில் ஏசிங்க்ஐஓ போன்ற வேலையைச் செய்யும் ட்ரையோ நூலகம் செய்திருப்பதுதான் சரி. அங்கே மெமரி சேனல் (கியூ போன்றது) திறக்க வேண்டுமானால் அளவைச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் திறக்க முடியாது.

கியூவில் இப்போது எத்தனை இருக்கிறது என்று சொல்லும் கியூசைஸ் என்ற சின்ன வசதியைப் பலர் கண்டுகொள்வதில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை அதை லாகில் எழுதி வையுங்கள். எண் எப்போதும் 10-லேயே நின்றால் ஓசிஆர் பக்கம் ஆள் போதவில்லை. எப்போதும் 0 என்றால் இறக்கும் பக்கம் மந்தம். எங்கே ஒர்க்கரைக் கூட்டுவது என்பதை ஊகத்துக்கு விடாமல் கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாம்.

அடுத்தது ஜாயின். கியூவில் போட்ட எல்லாம் முடியும்வரை காத்திருக்க இது உதவும். எடுத்த ஒவ்வொன்றுக்கும் டாஸ்க்டன் ('இது முடிந்தது') சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு ஒர்க்கர் உடைந்த பிடிஎஃப் ஒன்றை எடுத்து, பிழையில் விழுந்து, டாஸ்க்டன் சொல்லாமலே செத்துப்போனால், ஜாயின் முடிவே இல்லாமல் காத்திருக்கும். திரையில் பிழைச்செய்தியும் வராது, நிரலும் நகராது. அதனால் டாஸ்க்டன் எப்போதும், பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள்தான் இருக்க வேண்டும். ஒரு கோப்பில் வரும் பிழையை ஒர்க்கருக்குள்ளேயே பிடித்து, கோப்பின் பெயரோடு குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

2022-இல் 3.11-ஓடு வந்த, பல டாஸ்க்குகளை ஒரே குழுவாக நடத்தும் டாஸ்க்குரூப்பை இதோடு சேர்த்துக்கொண்டால் பாதிக் கவலை போய்விடும். ஒர்க்கர்களை அதற்குள் தொடங்கி, ஜாயினையும் அதே அடைப்புக்குள் வைத்தால், எதிர்பாராத பிழையில் ஒரு ஒர்க்கர் சாகும்போது மற்ற ஒர்க்கர்களும் காத்திருக்கும் ஜாயினும் சேர்ந்தே ரத்தாகி, பிழை வெளியே வந்துவிடும். நிரல் சத்தமில்லாமல் தொங்குவதைவிடச் சத்தம் போட்டு விழுவது எவ்வளவோ மேல். இன்னொன்று: வெறும் கிரியேட்டாஸ்க் (ஒரு டாஸ்க்கைத் தொடங்கும் கட்டளை) போட்டு, அது தரும் டாஸ்க்கை எங்கேயும் பிடித்து வைக்காவிட்டால், வேலை பாதியில் இருக்கும்போதே நினைவகத் துப்புரவில் அது காணாமல் போகலாம். டாஸ்க்குரூப் அதைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது.

சரி, 3.13-இல் அப்படி என்ன வந்தது? ஷட்டவுன். அதற்கு முன்பெல்லாம் 'இனி ஒன்றும் வராது, கிளம்பலாம்' என்று ஒர்க்கர்களிடம் சொல்ல நேரான வழி கிடையாது. ஒர்க்கர் எத்தனையோ அத்தனை நன் (None, 'ஒன்றுமில்லை' என்ற வெற்று) மதிப்புகளைக் கியூவின் கடைசியில் போடுவோம், அல்லது ஜாயின் முடிந்ததும் ஒவ்வொரு ஒர்க்கரையும் கேன்சல் செய்வோம். ஒர்க்கர் எண்ணிக்கையை மாற்றும்போது நன் எண்ணிக்கையையும் மாற்ற மறக்கக் கூடாது. இப்போது ஷட்டவுன் என்று ஒரு வரி போதும். புதிதாக எதையும் உள்ளே விடாது. உள்ளே இருப்பதை எல்லாம் கடைசிவரை கொடுத்துத் தீர்க்கும். தீர்ந்ததும் கெட் (வெளியே எடுக்கும் கட்டளை) கேட்கும் ஒர்க்கருக்குக் கியூஷட்டவுன் என்ற பிழை கிடைக்கும், அதைப் பிடித்து வெளியேறிவிடலாம். அவசரமாக நிறுத்த வேண்டுமென்றால் இம்மீடியட் என்ற தேர்வு உண்டு, மீதியைக் கொட்டிவிட்டு உடனே மூடும்.

ஆனாலும் அசிங்க் ஃபார் (ஒவ்வொன்றாக வருவதைக் காத்திருந்து எடுக்கும் சுற்று) போட்டுக் கியூவைச் சுற்றிவர இன்னும் வழியில்லை. ட்ரையோவில் அனுப்பும் முனையை மூடினால் வாங்கும் பக்கத்துச் சுற்று தானாக முடியும். இங்கே வைல் ட்ரூ (முடிவில்லாச் சுற்று) போட்டுப் பிழையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். சிறிய எண் உள்ள வேலையை முதலில் தரும் முன்னுரிமைக் கியூவிலும் ஒரு வம்பு உண்டு; அதில் எண்ணையும் வேலை விவரத்தையும் ஜோடியாகப் போடுவோம். இரண்டு வேலைகளுக்கு ஒரே எண் வந்தால், அது அடுத்த உறுப்பை ஒப்பிடப் பார்க்கும். அது டிக்ஷனரியாக இருந்தால் டைப்எர்ரர் வரும். நடுவில் ஒரு தொடர் எண் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

த்ரெட்டுகளுக்கு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளுக்கு) நடுவே இந்தக் கியூவைப் பகிரக் கூடாது, அதற்காகச் செய்ததல்ல. ஓசிஆர் போன்ற கனமான வேலையை ஈவென்ட் லூப்புக்குள்ளேயே (எல்லா டாஸ்க்குகளையும் மாற்றி மாற்றி ஓட்டும் சுற்றுக்குள்ளேயே) ஓட்டினால் மற்ற எல்லாமே நின்றுவிடும். நான் டெசராக்டைத் தனிப் பிராசஸாகக் கிளப்புகிறேன். நாலைந்து டெசராக்ட் ஒன்றாக ஓடும்போது ஒவ்வொன்றும் பல த்ரெட்டுகள் எடுத்து அடித்துக்கொள்ளும். ஓஎம்பி_த்ரெட்_லிமிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் வேகம் கூடுகிறது.

கரண்ட் போனால் கியூவில் இருந்ததெல்லாம் போய்விடும், எல்லாமே நினைவகத்தில்தான் இருக்கிறது. அதனால் எது முடிந்தது என்ற குறிப்பைத் தரவுத்தளத்தில் வைத்து, மறுபடி ஓட்டும்போது முடியாததை மட்டும் கியூவில் நிரப்புகிறேன். ஒரே வரிசையிலிருந்து பல கணினிகள் வேலை எடுக்க வேண்டும் என்றால் இது உங்களுக்கான பொருளல்ல. மற்றவர் எடுத்துப் பூட்டிய வரிசையைத் தாண்டிச் செல்லும் போஸ்ட்கிரெஸின் ஸ்கிப் லாக்டு வசதியையோ, ரெடிஸ் போன்ற தனிச் சர்வரை வைத்து வேலைகளைப் பகிரும் செலரியையோ பாருங்கள்.