பழைய புல்லட்டுக்கு ஸ்லைடு கார்புரேட்டரா, சி.வி. கார்புரேட்டரா? சேலம்–ஏற்காடு சாலையை வைத்து ஓர் அலசல்

பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) என்ஜின் புல்லட் 350 வைத்திருக்கும் சேலத்துக்காரர்கள் பலருக்கு இப்போது ஒரே தலைவலி. சிக்னலில் நின்றால் ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடும் மெதுவான ஓட்டம்) நிலைப்பதில்லை, என்ஜின் அணைந்துவிடுகிறது. நிலைத்தாலும் ஏறி இறங்குகிறது. ஓமலூர் சாலையில் அறுபதில் நிம்மதியாகப் போகலாம் என்று ஆக்சிலேட்டரை ஒரே இடத்தில் பிடித்தால், வண்டி இழுத்து இழுத்து விடுகிறது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில் இதற்கு மூன்று வைத்தியம் சொல்கிறார்கள். இருக்கிற ஸ்லைடு கார்புரேட்டரிலேயே (ஆக்சிலேட்டர் கேபிள் நேராகத் தூக்கும் ஸ்லைடு உள்ளது) ஜெட்டும் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பாகம்) ஊசியும் மாற்றி டியூன் செய்வது ஒன்று. அதே மாதிரியில் புது கார்புரேட்டர் வாங்கிப் போடுவது இன்னொன்று. பிற்காலத்துத் தண்டர்பேர்டு, கிளாசிக் வண்டிகளில் வந்த சி.வி. (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி) கார்புரேட்டரைப் பொருத்துவது மூன்றாவது. நான் முதல் வழிக்குப் போனேன். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கோளாறில் பாதி கார்புரேட்டரில் இல்லை, பெட்ரோலில் இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். நாடு முழுவதும் 2022-ல் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு வந்தது, 2025-ல் அது 20 சதவீதம் ஆனது. 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று ஏறத்தாழ 13.5 பங்கு. அதாவது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென்று அமைத்த ஜெட் இன்றைய பெட்ரோலில் சுமார் 8 சதவீதம் லீனாக (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஓடுகிறது. ஜெட்டின் துளை அதேதான். உள்ளே போகும் எரிபொருளின் தேவைதான் மாறிவிட்டது.

இனி மலையைப் பார்ப்போம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். மேலே காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறைகிறது. கார்புரேட்டரில் கலவை அந்த அளவுக்கு மாறுவதில்லை. அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே மாறும் என்பதால், ஏறத்தாழ 6 சதவீதம் ரிச்சாகிறது (பெட்ரோல் கூடுகிறது). இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். ஜெட் மாற்றாத வண்டி சேலத்தில் 8 சதவீதம் லீன். ஏற்காட்டில் அதே வண்டி 2 சதவீதம்தான் லீன். “ஏற்காடு ஒண்டிக்கடையில் ஐடிலிங் அருமையாக நிலைக்கிறது, அடிவாரம் இறங்கினால் தகராறு செய்கிறது” என்று சொல்பவர்கள் குளிர்ந்த காற்றுக்கு நன்றி சொல்கிறார்கள். உண்மையில் எத்தனாலின் குறையை உயரம் நிரப்பியிருக்கிறது.

சி.வி. கார்புரேட்டருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதமே உயரம்தான். அதில் நம் கை திறப்பது பட்டர்ஃபிளை வால்வை (காற்றுவழியைத் திறந்து மூடும் தகடு) மட்டுமே. ஸ்லைடை என்ஜினின் உறிஞ்சல், ஒரு ரப்பர் டயாஃப்ரத்தின் வழியாகத் தூக்குகிறது. காற்று மெலிந்தால் ஸ்லைடும் அதற்கேற்பக் குறைவாக எழும். கலவை ஓரளவு தானே சரியாகிக்கொள்ளும். ஆனால் இந்த உதவி ஸ்லைடு எழுந்த பிறகுதான். ஐடிலிங்கைக் கவனிப்பது பைலட் ஜெட். அதற்கு டயாஃப்ரமோடு சம்பந்தமே இல்லை. சிக்னலில் அணைந்து போகிற வண்டியைச் சரிசெய்ய சி.வி. வாங்கினால், அங்கேயும் பைலட் ஜெட்டில்தான் போய் நிற்க வேண்டும். ஓட்டத்தில் 6 சதவீத மாற்றத்தைச் சமாளிக்க ஒரு கார்புரேட்டரையே மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லடாக் போகிறவருக்கு அது வேறு கணக்கு.

சி.வி. வண்டியை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. நண்பரின் தண்டர்பேர்டை ஓட்டிய அனுபவம் மட்டுமே. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து மறுபடி ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அது திணறாமல் எடுக்கிறது. ஸ்லைடு கார்புரேட்டரில் சட்டென்று முறுக்கினால் ஒரு நொடி மூச்சுத் திணறும், கை பதமாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சி.வி. மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாறு வருடம் ஓடிய பிறகு அது எப்படி இருக்கும் என்பதை அதை வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

என்னை ஸ்லைடு பக்கம் நிறுத்தியது பராமரிப்புதான். விலை, மைலேஜ் எல்லாம் எனக்கு அடுத்தபடி.

புல்லட் அறுபதில் போகும்போது ஆக்சிலேட்டர் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலேதான் திறந்திருக்கும். அந்த இடத்தில் பெட்ரோலை அளந்து கொடுப்பது மெயின் ஜெட் இல்லை. ஊசியும் அது ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும்தான். மெயின் ஜெட்டின் ஆதிக்கம் முக்கால்வாசி திறப்புக்கு மேல். ஆனால் ஓட்டம் சரியில்லை என்றவுடன் பெரும்பாலானோர் கை வைப்பது மெயின் ஜெட்டில். எண்ணைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், இன்னும் மோசமாக, துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்குவார்கள். எனக்கு வழி சொன்ன அம்மாபேட்டைப் பெரியவர் ஒருவர், “மெயின் ஜெட்டை விடு தம்பி, ஊசியைப் பார்” என்றார்.

ஊசியைப் பார்ப்பது சுலபம். கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகிக் கழற்றி, ஸ்லைடை கேபிளோடு மேலே இழுங்கள். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து கேபிள் முனையை விடுவித்தால் ஊசி கையில் வந்துவிடும். அதை வெளிச்சத்தில் மெல்ல உருட்டிப் பாருங்கள். தேய்ந்த ஊசியில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான பட்டை தெரியும். பிறகு கீழே பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தையும் மெயின் ஜெட்டையும் எடுத்துவிட்டு, நீடில் ஜெட்டை ஒரு மரக்குச்சியால் மேல்நோக்கித் தள்ளி வெளியே எடுங்கள். வட்டமாக இருக்க வேண்டிய பித்தளைத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அறுபதில் இழுத்து விடுவதற்கும் பிளக் கரி பிடிப்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. புல்லட்டின் அதிர்வில் ஊசி ஓயாமல் உராய்வதால் வருவது இது. ஊசியும் நீடில் ஜெட்டும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை.

ஊசியின் தலையில் ஐந்து பள்ளங்கள் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவை ரிச்சாகும். மேலே ஏற்றினால் லீன். வண்டியிலிருந்து கார்புரேட்டரை இறக்காமல், சாலையோர மரத்தடியிலேயே இதைச் செய்துவிடலாம். சி.வி.யில் இதே வேலைக்கு மேல் மூடித் திருகுகளைக் கழற்றி, டயாஃப்ரத்தைச் சேதமில்லாமல் எடுத்து, அதன் விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்காரும்படி திரும்ப வைக்க வேண்டும். விளிம்பு ஓரிடத்தில் நசுங்கினாலோ, ரப்பரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலோ ஸ்லைடு முழுதாக எழாது. வண்டிக்கு இழுவையே இருக்காது. டயாஃப்ரத்தை ஒட்டி ஓட்ட முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும். பழைய வண்டி என்றால், என் கையால் பிரித்து மாட்ட முடிகிற பொருளைத்தான் நான் நம்புவேன்.

ஐடிலிங்குக்கு வருவோம். பிளக்கின் தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பிளாட்டின முனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அங்கே நட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் விளிம்பு வளைந்துவிடும். பிறகு எந்த ஜெட் போட்டாலும் ஐடிலிங் அலையும். ஏர் ஃபில்டரும் பழையபடியே இருக்கட்டும்.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஏர் ஸ்க்ரூவை (ஐடிலிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மெல்லத் திருப்பி, என்ஜின் அதிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்தி வேகத்தைக் குறையுங்கள். இந்த வகை கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் ரிச், வெளியே திருப்பினால் லீன். முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வாக்கில் நல்ல இடம் கிடைத்தால் பைலட் ஜெட் சரியான அளவு. ஒரு சுற்றுக்கும் உள்ளேதான் ஐடிலிங் நிலைக்கிறது என்றால் ஜெட் சிறியது. இரண்டரையைத் தாண்டினால் பெரியது.

என் வண்டியில் இருந்தது 25 எண் பைலட் ஜெட். ஏர் ஸ்க்ரூ அநேகமாக மூடிய நிலையில்தான் ஐடிலிங் நிலைத்தது. ஏற்காட்டிலிருந்து இருபது வளைவுகளும் இறங்கி முடிக்கும் வரை சைலன்சரில் பட் பட்டென்று வெடித்துக்கொண்டே வரும். ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது அப்படி வெடித்தால், சைலன்சர் இணைப்பில் கசிவு இல்லாத பட்சத்தில், பைலட் பக்கம் லீன் என்று அர்த்தம். 27.5 போட்டதும் வெடிப்பு நின்றது, ஏர் ஸ்க்ரூவும் ஒன்றரைக்கு வந்தது. அறுபது வேகத்துக்கு புது ஊசி ஜோடியும், கிளிப் ஒரு பள்ளம் கீழேயும். மெயின் ஜெட்டைத் தொடவில்லை. மேலே போனால் ஐடிலிங் லேசாகக் கனக்கும். நாள் முழுவதும் அங்கே தங்குவதென்றால் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருப்புகிறேன், அவ்வளவுதான். நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் மலையிலேயே குடியிருப்பவர்கள் கிளிப்பை நடுப் பள்ளத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழியான புது கார்புரேட்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்லைடே தேய்ந்து உடலுக்குள் ஆடுகிறது என்றால் அதுதான் வழி. அப்போது ஜெட் மாற்றுவது வீண் செலவு. ஆனால் புதிதிலும் உள்ளே இருக்கும் ஜெட் உங்கள் வண்டிக்கும் இன்றைய பெட்ரோலுக்கும் பொருந்துமா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஜெட் வாங்கும்போது எண் தெளிவாகப் பொறித்திருப்பதை மட்டும் எடுங்கள். பைலட்டில் 25, 27.5, 30 மூன்றையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. கடைக்கு மறுபடி அலைய வேண்டாம். அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டி சில வாரம் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் குழாயை மூடி ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். முதலில் அடைபடுவது பைலட் ஜெட்டின் சின்னத் துளைதான்.