மைக்ரேன் மருந்துச் சோதனையில் தன்னார்வலராகச் சேர்ந்தேன்: உள்ளே எப்படி இருக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக்கு முழு மதிப்பெண் தருவேன். சேருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன விதத்துக்கும் நல்ல மதிப்பெண் தருவேன். சோதனை முடிந்த பிறகு எங்களை நடத்திய விதத்துக்குத் தர மனம் வரவில்லை. இன்னொரு முறை சேருவாயா என்று கேட்டால், சேருவேன். ஆனால் நல்ல மருந்து சும்மா கிடைக்கிறது என்ற எண்ணத்தில் மட்டும் யாரும் போகாதீர்கள். அங்கே நடப்பது ஆராய்ச்சி. உங்கள் தலைவலியைப் போக்குவது அதன் முதல் வேலை இல்லை.

எனக்குக் கல்லூரி நாட்களிலிருந்தே மைக்ரேன். பார்ப்பது கணக்கு வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான். தடுப்பு மாத்திரைகள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் பகலெல்லாம் தூக்கம், இன்னொன்றில் எடை ஏறியது. அதன் பிறகுதான் ட்ரையல்களைத் தேட ஆரம்பித்தேன்.

தேடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் விளம்பரத்தோடு நின்றுவிடுகிறார்கள். விளம்பரத்தில் 'தலைவலியா? தன்னார்வலர்கள் தேவை' என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ் என்ற பதிவேட்டில் நோயின் பெயரைப் போட்டுத் தேடலாம். பல நாடுகளின் பதிவேடுகளை ஒரே இடத்தில் தேட உலக சுகாதார நிறுவனத்தின் தளமும் இருக்கிறது. மூட்டுவலி, ஆஸ்துமா, சொரியாசிஸ், மன அழுத்தம், சர்க்கரை நோய் என்று எதற்கு வேண்டுமானாலும் ஆள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எந்த நோயும் இல்லாதவர்களைத் தேடும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதால் அந்த ஆய்வு பாதுகாப்பானது என்று யாரும் முத்திரை குத்தியதாக அர்த்தமில்லை. அந்தத் தளமே இதைச் சொல்கிறது.

நான் முதலில் பார்த்தது எந்தக் கட்டம் என்பதைத்தான். முதல் கட்டத்தில் பொதுவாக 20 முதல் 100 பேர் வரை இருப்பார்கள். மருந்தை உடம்பு தாங்குகிறதா, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர். மூன்றாம் கட்டத்தில் 300 முதல் 3,000 பேர் வரை. உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியவரும். நான் சேர்ந்தது மூன்றாம் கட்டம். மருந்து சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளைத் தடுக்கும் ஊசி வகையைச் சேர்ந்தது. மைக்ரேன் வரும்போது நரம்புகள் வெளிவிடும் பொருள் அது. இந்த வகையில் முதல் ஊசியான எரெனுமேப் அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்றுவிட்டது. அதனால் முன்பின் தெரியாத ஒன்றை உடம்பில் ஏற்றிக்கொள்கிறோம் என்ற பயம் எனக்குக் குறைவாகவே இருந்தது.

போனில் கேட்ட கேள்விகள் சாதாரணமானவைதான். நேரில் ஸ்கிரீனிங்கில்தான் சலித்து எடுத்தார்கள். மாதத்தில் மைக்ரேன் நாட்கள் குறைந்தது நான்கு இருக்க வேண்டும், பதினான்கைத் தாண்டக் கூடாது. வலி மாத்திரை எத்தனை நாள் போடுகிறேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை வலி மாத்திரையை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, சாதாரண வலி மாத்திரையைப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அப்படிப்பட்டவர்களைச் சேர்த்தால் கணக்கு குழம்பிவிடும். ரத்தம், இ.சி.ஜி., கர்ப்பப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். ஆய்வு முடியும்வரை கர்ப்பத்தடை அவசியம் என்பதையும் நேராகச் சொன்னார்கள். இந்தப் படியிலேயே பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் மனம் நோக ஒன்றுமில்லை. என் அண்ணன் வேறொரு ஆய்வுக்கு, சர்க்கரை நோய்க்கானதற்குப் போனார். அவருடைய ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி, அவர்கள் வைத்திருந்த கீழ்வரம்புக்கும் கொஞ்சம் கீழே இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பதற்காகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒப்புதல் படிவத்துக்கு அவர்கள் ஒதுக்கிய நேரம். தடித்த படிவம். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். திரும்பிப் போனபோது கோஆர்டினேட்டர் அம்மா கையெழுத்துப் போடும் பக்கத்தைத் திறக்கவே இல்லை. படிவத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டு, "இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்க. இங்க என்ன நடக்கப் போகுது?" என்றார். நான் சொன்னேன். "ஊசியில மருந்தே இல்லன்னா?" என்றார். நான் ஒரு நிமிஷம் பேசவில்லை. "அதுக்கும் வாய்ப்பு இருக்கு. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பல மாசம் வந்து போய்க் கடைசியில வெறும் ஊசிதான் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா உங்களுக்கு எப்படி இருக்கும்? வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாங்க. அவசரமே இல்ல." அன்றைக்குக் கையெழுத்து வாங்காமலே அனுப்பிவிட்டார். ஆள் சேர்க்க வேண்டிய இடத்தில் இருக்கும் ஒருவர் இப்படிப் பேசியது எனக்குப் பெரிய விஷயம்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்த முன்னோடி ஆய்வு காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை; அதன் முடிவு 1948-இல் வெளியானது. புள்ளியியல் நிபுணர் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த முறைப்படி, ஒட்டிய உறைக்குள் ஒதுக்கீட்டை வைத்து நடத்தினார்கள். மருந்தில்லாமல் படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற நோயாளிகளுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டுதான், நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் வந்த நியூரம்பெர்க் விதிகள், மனிதரின் விருப்பப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் சோதனை கூடாது என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தன. 1964-இல், மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளாக உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம் என்று என் படிவத்தில் தடித்த எழுத்தில் இருந்த வரி இப்படித்தான் அங்கே வந்து சேர்ந்தது. அதோடு இன்னொரு வரியையும் படியுங்கள்: விலகும்வரை எடுத்த தகவல்களை ஆய்வு வைத்துக்கொள்ளும் என்று என் படிவத்தில் இருந்தது.

ஊசிக்கு முன்னால் நான்கு வாரம் டைரி எழுத வேண்டும். இந்தக் காலத்தில் மருந்து எதுவும் இல்லை. சும்மா காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று தோன்றும், ஆனால் ஆய்வே இதன் மேல்தான் நிற்கிறது. தலைவலி உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் யாருமே ட்ரையலைத் தேடிப் போவோம். அதன் பிறகு எப்படியும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்தக் குறைவை மருந்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

டைரி, கையில் கொடுத்த ஒரு போனில் இருந்தது. தினமும் இரவு அலாரம் அடிக்கும். வலி எவ்வளவு, துடிக்கும் வலியா, ஒரு பக்கமா, வாந்தி உண்டா, வெளிச்சம் கூசுகிறதா, என்ன மாத்திரை போட்டாய் என்று வரிசையாகக் கேட்கும். இதை வடிவமைத்தவர்களுக்கு மைக்ரேன் வந்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன். இருட்டறையில் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது அந்த அலாரம் காதைத் துளைக்கும். போனைத் திறந்தால் பளீரென்று வெள்ளைத் திரை. 'வெளிச்சத்தால் தொந்தரவு இருக்கிறதா?' என்ற கேள்வியை அந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்து, பட்டனைத் தடவித் தடவி அழுத்துவேன். புகார் சொன்னபோது மறுநாள் காலையிலும் பதியலாம் என்றார்கள், திரையின் வெளிச்சத்தைக் குறைத்தும் கொடுத்தார்கள். அதைக் கேட்காமலே செய்திருக்க வேண்டும். டைரியில் நிறைய நாள் விடுபட்டுவிட்டால் ஆய்வில் சேர்க்கவே மாட்டார்கள். வலி அதிகம் உள்ளவர்களை டைரியே வெளியே தள்ளிவிட்டால் அந்த மருந்து யாருக்காக?

ஊசி நாள் எளிதானது. நர்ஸ் தொடையில் போடுவார். பிறகு கொஞ்ச நேரம் உட்கார வைத்து பி.பி., நாடி பார்ப்பார்கள். ஊசி போட்ட இடம் சிவந்தால் இது மருந்துதான் என்று மனம் துள்ளும், சிவக்காவிட்டால் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் அர்த்தமில்லை என்று கோஆர்டினேட்டர் அம்மா சொல்லியிருந்தும் மனம் கேட்காது. வெறும் ஊசி போட்டவர்களுக்கும் மைக்ரேன் நாட்கள் குறைவது இந்த ஆய்வுகளில் வழக்கம். அதைக் கழித்துப் பார்த்து மிஞ்சுவதுதான் மருந்தின் பலன். எனக்கும் நாட்கள் குறைந்தன. எதனால் என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடும்.

பாதுகாப்புக்கு ஏன் முழு மதிப்பெண் என்று சொல்கிறேன். பர்ஸில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். ஆய்வின் பெயர், எந்த நேரமும் கூப்பிடக்கூடிய எண், அவசரமென்றால் போட்டது மருந்தா வெறும் ஊசியா என்ற ரகசியத்தை மருத்துவர் உடைத்துப் பார்க்கலாம் என்ற குறிப்பு எல்லாம் அதில் இருந்தன. ஒரு நாள் நள்ளிரவில் உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. கூப்பிட்டேன், இரண்டாவது மணியிலேயே ஆய்வு மருத்துவர் எடுத்தார். மூச்சு வாங்குகிறதா, உதடு வீங்குகிறதா என்று கேட்டு, போனை வைக்காமலே கூட இருந்தார். மறுநாள் காலையிலேயே வரச்சொல்லிப் பார்த்தார்கள். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, எல்லாவற்றையும் பதிந்தார்கள். இந்தக் கவனம் சும்மா வந்ததில்லை. 2006-இல் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டி.ஜி.என். 1412 என்ற மருந்தை மனிதர்களுக்கு முதல் முறையாகச் செலுத்தினார்கள். மருந்து பெற்ற ஆறு பேருமே உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள், ஆனால் சில நிமிட இடைவெளியில் எல்லோருக்கும் அடுத்தடுத்து ஊசி போட்டதுதான் பெரும் கேள்வியானது. புது மருந்து என்றால் முதலில் ஒருவருக்குக் கொடுத்து, பொறுத்திருந்து பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும் என்பது அதன் பிறகு கண்டிப்பானது. முதல் கட்ட ஆய்வில் சேரப் போகிறவர்கள் இதை வாய்விட்டே கேளுங்கள்: எனக்கு முன்னால் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், இடைவெளி எவ்வளவு?

போக்குவரத்துச் செலவு ஒழுங்காக வந்தது. காத்திருப்பு அதிகம், அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போவது நல்லது.

இப்போது என் குறை. கடைசி ஊசிக்குப் பிறகும் பரிசோதனைக்கு அழைத்தார்கள். இந்த வகை மருந்து உடம்பை விட்டுப் போக வாரங்கள் ஆகும். அந்தக் கடைசிப் பரிசோதனை முடிந்ததும் எல்லோரும் காணாமல் போய்விட்டார்கள். எனக்குப் போட்டது மருந்தா இல்லையா, ஆய்வு என்ன கண்டுபிடித்தது, ஒரு வரித் தகவல் இல்லை. போன் செய்தால் 'முடிவு வந்ததும் சொல்வோம்' என்றார்கள். பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள். விருப்பப்படுகிற பங்கேற்பாளருக்கு ஆய்வின் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று ஹெல்சிங்கி பிரகடனமே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சாதாரண மக்களுக்குப் புரியும் மொழியில் முடிவின் சுருக்கத்தைப் பொதுவில் வைத்தாக வேண்டும். எங்கள் ரத்தத்தையும் இரவுகளையும் கேட்டு வாங்கியவர்கள் பதிலை மட்டும் தராமல் இருப்பது எனக்கு ஏற்க முடியாத ஒன்று. ஆய்வு முடிந்த பிறகு அந்த மருந்து வேண்டும் என்பவர்களுக்கு அது கிடைக்குமா என்பதற்கும் படிவத்தில் தெளிவான வரி இல்லை. சேருகிறவர்கள் இந்த இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் டைரிப் பதிவுகளின் நகலைக் கேட்டேன். இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். அதை என் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் தலைவலி கொத்துக் கொத்தாக வருவது அந்தத் தாள்களில் அப்படியே தெரிந்தது. இத்தனை வருஷம் நான் வாயால் சொல்லியும் பிடிபடாத விஷயம். அந்த நாட்களுக்கு மட்டும் தனியாக மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், பங்கேற்பவர்களின் நலனைக் கண்காணிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் எண் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. முடிவைத் தராதது பற்றி அவர்களுக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது, ஆய்வுக்குப் பொறுப்பான ஸ்பான்சரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்று செயலாளர் கையெழுத்தோடு பதில் வந்திருக்கிறது. விளக்கம் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.