போரிங் வெந்நீர் ஊற்று, சபா: ஓர் இரவாவது தங்கினால்தான் சுகம்

மலேசியாவின் சபா மாநிலத் தலைநகர் கோத்தா கினபாலுவிலிருந்து காலையில் வேனில் வந்து மாலையே திரும்புகிறவர்கள் பலர் போரிங்கைப் பற்றிக் குறை சொல்வார்கள். அவர்கள் வந்து சேரும் நேரம் அப்படி. ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம் முடிந்து, உச்சி வெயிலில், கூட்டத்தோடு கூட்டமாக வெந்நீரில் இறங்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்? இது கினபாலு பூங்காவுக்குள், ரானாவ் பக்கம் உள்ள தாழ்வான மழைக்காடு. மலையடிவாரக் குளிரை இங்கே எதிர்பார்க்காதீர்கள். உள்ளேயே இருக்கும் மர விடுதிகளில் அறை எடுத்துத் தங்குங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகோ அதிகாலையிலோதான் தொட்டி சுகம் தெரியும்.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியர்கள் தொடக்கிவைத்த குளியல் இடம் இது. திறந்தவெளியில் ஓடு பதித்த தொட்டிகள்; கந்தக வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒன்று. ஊற்றுநீர் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும், நேராகக் காலை வைத்தால் புண்ணாகிவிடும். முதலில் அடைப்பான் இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். கசிந்தால் ஒரு மணி நேரமானாலும் தொட்டி நிறையாது. வெந்நீரைப் பாதிக்கு மேல் விட்டு, பிறகு தண்ணீரைத் திறந்து, கலக்கிவிட்டு முழங்கையால் சூடு பாருங்கள். நிரம்ப அரை மணி நேரமாவது ஆகும். எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் இன்னும் இழுக்கும். பதினைந்து, இருபது நிமிடம் ஊறினால் போதும்.

கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வையுங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும்.

அறைகள் எளிமையானவை. காட்டு ஈரத்தில் துவைத்த துணி காயாது, கூடுதலாக ஒரு செட் வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ரானாவ் கடைகளில் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வருவது நல்லது.

ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்தில், மெங்காரிஸ் மரங்களில் கட்டிய தொங்குபாலத்தில் திறந்தவுடனே ஏறிவிடுங்கள். ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள், தாமதமானால் வரிசைதான். இருவாச்சியைப் பார்க்கவும் காலைதான் நல்லது. கிப்புங்கிட் அருவி பக்கத்திலேயே இருக்கிறது, குழந்தைகளும் நடக்கலாம். 120 மீட்டர் லாங்கானான் அருவிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஏற்றம். மழை பெய்த மறுநாள் அட்டை மொய்க்கும். முழங்கால்வரை அட்டைக் காலுறை போடுங்கள். கடித்தால் பிய்க்காமல், மெல்லிய முனையில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் கழன்றுவிடும்.

ரஃப்லேசியா என்ற ராட்சதப் பூ மலர்ந்திருந்தால் சாலையோரம் பலகை வைத்திருப்பார்கள். கிராமத்தார் நிலத்தில் பூப்பது அது, கட்டணத்துக்கு ரொக்கம் வேண்டும். ஒரு வாரம்கூடத் தாங்காத பூ என்பதால், எத்தனை நாளாயிற்று என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். கடைசி நாள்களில் கறுத்துச் சுருங்கியிருக்கும்.

தீபகற்ப மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் மைகார்டை (மலேசிய அடையாள அட்டையை) மறக்க வேண்டாம், சபாவுக்குள் நுழையக் குடிநுழைவுச் சோதனை உண்டு.